நம் கடை, நம் தராசு

வித்துராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் தேயிலைத் தோட்டங்கள் வரும். இன்னொரு பக்கம் பிரிந்து போனால் போனக்காடு. இந்த மலைகளில், லயங்களில், தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. கொழுந்து பறிக்கக் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். காட்டோரத்தில் காணிக்காரர் குடிகள் இருக்கின்றன.

அரிசி தீர்ந்துபோனால் இந்த வீடுகளில் என்ன செய்வார்கள்? பக்கத்துக் கடைக்குப் போவார்கள். கையில் காசு இருக்காது. "பற்றில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்பார்கள். கடைக்காரர் எழுதிக்கொள்வார்.

அதில் என்ன தவறு என்று கேட்கலாம். ஆபத்துக்கு உதவுகிற கடை அல்லவா அது? ஆம், உதவுகிறதுதான். ஆனால் அந்த உதவிக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பற்றுப் புத்தகம்

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம் பார்ப்போம். ரொக்கத்துக்கு வாங்கினால் ஒரு கிலோ அரிசி 42 ரூபாய். பற்றுக்கு வாங்கினால் 45 ரூபாய். ஒரு வீட்டுக்கு மாதம் 30 கிலோ வேண்டும். அப்படியானால் அரிசியில் மட்டும் மாதம் 90 ரூபாய் கூடுதலாகப் போகிறது. வருடத்துக்கு 1,080 ரூபாய். பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் இன்னும் ஏறும். இது வட்டிதான். வட்டி என்ற பெயர் மட்டும் அதற்கு இல்லை.

பணம் மட்டும் போவதில்லை. பற்று வைத்திருப்பவர் விலை கேட்கமாட்டார். எடை குறைந்தால் வாய் திறக்கமாட்டார். அரிசியில் கல் இருந்தால் பொறுக்கிவிட்டுச் சமைப்பார். அடுத்த கடைக்குப் போகவும் முடியாது. பழைய பாக்கியைத் தீர்த்தால்தானே போகலாம்?

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் டவுனில் மொத்த வியாபாரியிடம் கடனுக்குத்தான் சரக்கு எடுக்கிறார். பத்துப் பேர் வாங்கினால் இரண்டு பேர் பாக்கியை விட்டுவிட்டு ஊர் மாறிப் போய்விடுகிறார்கள். அந்த நட்டத்தை மற்ற எட்டுப் பேர் விலையில் ஏற்றுகிறார். ஒழுங்காகக் கொடுப்பவர் கொடுக்காதவருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்.

இந்தச் சிக்கல் நம் மலைக்கு மட்டும் உரியதல்ல. நூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்து நாட்டு நெசவாளர்களும் இதே சிக்கலில் மாட்டியிருந்தார்கள்.

28 பேர் திறந்த கடை

இங்கிலாந்தின் வடபகுதியில் ராச்டேல் என்று ஓர் ஊர் உண்டு. கம்பளி, பருத்தித் துணி நெய்யும் ஊர். 1840-களில் அங்கே கூலி மிகக் குறைவு. வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள். பலன் இல்லை. கடையிலும் கடன். மாவில் சுண்ணாம்புத் தூள் போன்றவற்றைக் கலந்து விற்பதும் அந்தக் காலத்தில் அங்கே சாதாரணம்.

கூலியைக் கூட்ட முடியவில்லை. சரி, கூலிக்கு வாங்கும் பொருளையாவது ஒழுங்காக வாங்கலாமே என்று சிலர் யோசித்தார்கள். 28 பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு பவுன் பங்கு. ஒரு பவுனை மொத்தமாகக் கொடுக்க அவர்களால் முடியாது. வாரம் இரண்டு பென்னி, மூன்று பென்னி என்று சேர்த்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது 28 பவுன் சேர.

டோட் லேன் என்ற தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். வருட வாடகை 10 பவுன். 1844 டிசம்பர் 21-ஆம் தேதி இரவு கடை திறந்தது. கடையில் என்ன இருந்தது தெரியுமா? சுமார் 13 கிலோ வெண்ணெய், 25 கிலோ சர்க்கரை, 300 கிலோ கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. அவ்வளவுதான். தெருப் பையன்கள் கூடி நின்று கேலி செய்தார்கள். ஊரில் உள்ள வியாபாரிகளும் சிரித்தார்கள். ஒரு தள்ளுவண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடலாமே என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருட முடிவில் அந்தச் சங்கத்தில் 74 உறுப்பினர்கள் இருந்தார்கள். முதல் 181 பவுனாக உயர்ந்திருந்தது. 710 பவுனுக்கு வியாபாரம் நடந்திருந்தது. 22 பவுன் உபரி. சிரித்தவர்களே பிறகு வாங்க வந்தார்கள்.

அவர்களுக்கு முன்பும் இங்கிலாந்தில் பல பேர் இப்படிக் கடை திறந்து மூடியிருக்கிறார்கள். ராச்டேல் கடை மட்டும் ஏன் நின்றது? அவர்கள் வைத்துக்கொண்ட சில விதிகள்தான் காரணம். கடன் கிடையாது, ரொக்கம் மட்டும். கலப்படம் கிடையாது. எடை சரியாக இருக்க வேண்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே ஓட்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பாராளுமன்றத் தேர்தலில் பெண்ணுக்கு ஓட்டு இல்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விதி எல்லாவற்றையும் விடக் கெட்டிக்காரத்தனமானது. கடையில் பொருளை மலிவாக விற்கக் கூடாது என்றார்கள். சந்தை விலைக்கே விற்பது. மிஞ்சும் பணத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுப்பது. பங்கு அதிகம் போட்டவருக்கு அதிகம் என்பது இல்லை. கடையில் அதிகம் வாங்கியவருக்கு அதிகம். இதனால் உறுப்பினர்கள் வேறு கடைக்குப் போகவில்லை.

திருவல்லிக்கேணி

நம் நாட்டில் இந்த வழியை முதலில் பிடித்தது சென்னை. 1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. சுருக்கமாக டி.யு.சி.எஸ். என்பார்கள். அதைத் தொடங்குவதில் முன்னின்றவர்களில் ஒருவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அவர் அப்போது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். பிற்காலத்தில் நாடறிந்த தலைவர் ஆனார்.

ராச்டேலில் கூலி நெசவாளர்கள் தொடங்கினார்கள். திருவல்லிக்கேணியில் தொடங்கியவர்கள் படித்தவர்கள், மாதச் சம்பளக்காரர்கள். வித்தியாசம் உண்டுதான். ஆனால் சம்பளம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துபோகிற வேதனை இரண்டு பேருக்கும் ஒன்று.

அந்த 1904-ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரர் அரசு கூட்டுறவுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அது கடன் சங்கங்களுக்கான சட்டம். விவசாயிக்குக் கடன் கொடுப்பதுதான் கூட்டுறவு என்று அரசு நினைத்தது. கடை நடத்தும் சங்கம் போன்ற மற்றவற்றுக்கு 1912-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது. சட்டம் வருமுன்பே திருவல்லிக்கேணிக்காரர்கள் கடையைத் திறந்துவிட்டார்கள்! அந்தச் சங்கம் நூற்று இருபது ஆண்டைத் தாண்டிவிட்டது. சென்னையில் ரேஷன் கடைகளை நடத்துகிறது. காமதேனு என்ற பெயரில் பெரிய அங்காடியும் நடத்துகிறது.

கேரளத்தில் தொழிலாளர்களே நடத்துகிற ஒரு கடையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். திருவனந்தபுரத்தில் தம்பானூர் பேருந்து நிலையத்தில் இறங்கினால், பக்கத்தில் சுருள்போல வளைந்து ஏறும் செங்கல் கட்டடம் ஒன்று தெரியும். அதுதான் இந்தியன் காப்பி ஹவுஸ். கட்டடத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1950-களில் காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடியது. வேலை போனவர்கள் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கேரளத்தில் 1958-ஆம் ஆண்டு திருச்சூரில் முதல் கடை திறந்தது. அங்கே தலைப்பாகை கட்டிக் காப்பி கொண்டுவருபவர் வேலைக்காரர் மட்டுமல்ல, கடையின் சொந்தக்காரர்களில் ஒருவர்.

மாவேலி ஸ்டோர் இருக்கும்போது எதற்கு?

நியாயமான கேள்வி. கேரளத்தில் அரசின் சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷன் 1974-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. சப்ளைகோ என்று சொல்கிறோம். மாவேலி ஸ்டோர் அவர்களுடையது. அங்கே அரிசி, பயறு, மிளகாய், தேங்காய் எண்ணெய் என்று 13 பொருள்கள் சலுகை விலையில் வருகின்றன. கன்சியூமர்ஃபெட் 1965-ல் தொடங்கியது. திரிவேணி கடைகள் அவர்களுடையவை. ரேஷன் கடை இருக்கவே இருக்கிறது.

இவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. ரேஷன் அரிசியை ரேஷன் கடையில்தான் வாங்க வேண்டும். சலுகை விலைப் பொருள் மாவேலியில் கிடைத்தால் அங்கேயே வாங்குவது லாபம். நாம் திறக்கிற கடையால் அந்த விலைக்குக் கொடுக்க முடியாது. முயலவும் வேண்டாம்.

ஆனால் மலையில் இருப்பவர் பேருந்து ஏறிக் கீழே வர வேண்டும். ஒரு நாள் கூலி போகும். வந்த நாளில் சரக்கு இல்லையென்றால் வந்த செலவும் போகும். மாவேலியில் சலுகை விலையில் கிடைக்காத பொருள்களும் நிறைய உண்டு. புளி, உப்பு, வெங்காயம், தேயிலை, சோப்பு, பிள்ளைகளுக்கு பிஸ்கட். இவற்றுக்காகத்தான் பற்றுப் புத்தகம் நீள்கிறது.

அரசு உதவியை மட்டும் நம்பிக் கடை நடத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சில உதாரணங்கள் உண்டு. இலங்கையில் 1942-ல் யுத்தம் காரணமாக பர்மா அரிசி நின்றது. ரேஷன் பொருளைக் கொடுக்க ஊர்தோறும் கூட்டுறவுக் கடைகள் வந்தன. இன்றும் அங்குள்ள தமிழர்கள் சங்கக் கடை என்றுதான் சொல்வார்கள். யுத்தம் முடிந்து ரேஷன் கட்டுப்பாடு தளர்ந்ததும் அவற்றில் பல மூடிப்போயின. ரேஷனுக்காக வந்தவர்கள் ரேஷனோடு போய்விட்டார்கள்.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். 2020-ல் குடும்பஸ்ரீப் பெண்கள் கேரளம் முழுவதும் மக்கள் உணவகங்களைத் திறந்தார்கள். 20 ரூபாய்க்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு 10 ரூபாய் அரசு மானியம் கொடுத்தது. கொரோனாக் காலத்தில் எத்தனையோ பேருக்கு அது வயிற்றை நிறைத்தது. 2023-ல் அந்த மானியம் நின்றது. விலையை ஏற்ற வேண்டி வந்தது. சமைத்த பெண்கள் திண்டாடிப் போனார்கள். அவர்கள் உழைப்பில் குறை இல்லை. அடுப்பு அவர்கள் கையில் இருந்தது. கணக்கு வேறொருவர் கையில் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வித்துரா மலையில் 60 குடும்பங்கள் சேர்ந்து ஒரு கடை போடுவதாக வைத்துக்கொள்வோம். கீழே வருகிற எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு படித்தால் நல்லது.

ஒரு குடும்பம் 600 ரூபாய் பங்கு போடுகிறது. ஒரேயடியாக வேண்டாம், மாதம் 100 ரூபாய் வீதம் ஆறு மாதம் சேர்க்கலாம். 60 குடும்பத்துக்கு 36,000 ரூபாய். இதில் தராசு, டப்பாக்கள், பலகைத் தட்டு இவற்றுக்கு 8,000 ரூபாய் போகட்டும். சரக்கு வாங்க மிச்சம் 28,000 ரூபாய்.

ஒரு குடும்பம் மாதம் 2,000 ரூபாய்க்கு நம் கடையில் வாங்கினால், 60 குடும்பம் 1,20,000 ரூபாய்க்கு வாங்கும். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு 8 ரூபாய் என்று வைப்போம். அப்படியானால் மாதம் 9,600 ரூபாய் கிடைக்கும்.

செலவைப் பார்ப்போம். அறை வாடகை 1,000. மின்சாரம் 200. தினமும் சில மணி நேரம் உட்கார்ந்து விற்பவருக்கு 3,000. வாரம் ஒருமுறை டவுனிலிருந்து சரக்கு ஏற்றிவர ஜீப் வாடகை 600 வீதம் நான்கு முறைக்கு 2,400. சிந்தியது, எலி தின்றது, மழையில் நனைந்தது என்று நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் 1,200. மொத்தம் 7,800 ரூபாய். மாதம் 1,800 ரூபாய் மிஞ்சுகிறது.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 20 குடும்பம் பங்கு போட்டுவிட்டுக் கடைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாக்கி இருப்பதால் பழைய கடைக்கே போகிறார்கள். அப்போது வியாபாரம் 80,000 ரூபாய். கிடைப்பது 6,400. வாடகை குறையுமா? குறையாது. ஜீப் பாதி சரக்கோடு வந்தாலும் முழு வாடகைதான். சேதாரம் மட்டும் 800 ஆகக் குறையும். செலவு 7,400. மாதம் 1,000 ரூபாய் நட்டம்.

60 வீடு வந்தால் லாபம். 40 வீடு வந்தால் நட்டம். மூலதனம் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே கடை திறக்குமுன்பு வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டிய கேள்வி "பங்கு போடுவீர்களா?" என்பது அல்ல. "மாதம் எவ்வளவுக்கு நம்மிடம் வாங்குவீர்கள்?" என்பதுதான். ஒரு நோட்டில் ஒவ்வொரு வீட்டின் பெயரையும் எழுதி, அரிசி எத்தனை கிலோ, பருப்பு எத்தனை கிலோ என்று கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டுதான் கடையின் அஸ்திவாரம். கட்டடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடன் சொன்னால்

சரக்கு வாங்க நம்மிடம் 28,000 ரூபாய்தான் இருக்கிறது. மாதம் 1,20,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். எப்படி முடியும்? வாரம் ஒருமுறை வாங்கி, அந்த வாரமே விற்று, அந்தப் பணத்தில் மறுபடி வாங்க வேண்டும். சக்கரம் சுற்றுவதுபோல் பணம் சுற்ற வேண்டும்.

இப்போது 60 வீடும் ஒரே ஒரு வாரம் கடன் சொல்கிறது. ஒரு வீட்டுக்கு வாரம் 500 ரூபாய். மொத்தம் 30,000. இருந்த முதலைவிட இது கூடுதல். அடுத்த வாரம் ஜீப் கீழே போக முடியாது. கடையில் காலி டப்பா மட்டும் நிற்கும். நம் நாட்டில் மூடிப்போன கூட்டுறவுக் கடைகளில் பல, திருட்டால் மூடவில்லை. நம்மவர்தானே என்று கொடுத்த கடனால் மூடின.

ஆனால் "ரொக்கம் மட்டும்" என்று பலகை எழுதி மாட்டுவது சுலபம். தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. சில தோட்டங்களில் அதுவும் தள்ளிப்போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் ரொக்கம் எங்கிருந்து வரும்? இதற்கு வழி சொல்லாமல் விதி மட்டும் சொன்னால் பயனில்லை.

வழி இருக்கிறது. கடனையும் கடையையும் பிரித்துவிட வேண்டும். குடும்பஸ்ரீ 1998 மே 17-ல் மலப்புறத்தில் தொடங்கியது. ஊரெங்கும் பெண்களின் அயல்கூட்டங்கள் இருக்கின்றன. வாரந்தோறும் சேமிக்கிறார்கள், சேமிப்பிலிருந்து கடன் கொடுக்கிறார்கள். கஷ்டப்பட்ட வாரத்தில் அயல்கூட்டத்தில் 500 ரூபாய் கடன் வாங்கி, கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவது ஒரு வழி. கடன் யாரிடம் இருக்கிறது, வட்டி எவ்வளவு, எப்போது அடையும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். கடையின் பணம் கடையிலேயே சுற்றும்.

இன்னொரு வழி, சம்பளம் வந்த அன்றே அடுத்த மாதத்துக்கு முன்பணம் கட்டுவது. 300 ரூபாய் கட்டிவைத்தால் கடைசி வாரத்தில் 300 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கலாம். முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். பழைய பாக்கி உள்ளவருக்கு இன்னும் கஷ்டம். அவர் பழைய கடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிட்டு நிதானமாக வரட்டும். பழைய கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை. நம் ஊரில்தான் அவரும் இருக்கிறார்.

வருட முடிவில்

மாதம் 1,800 வீதம் வருடத்துக்கு 21,600 ரூபாய் மிஞ்சியது என்று வைப்போம். இதை எல்லாம் பிரித்துக்கொள்ள முடியாது. ஒரு பகுதியைச் சேம நிதியில் போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மற்ற செலவுகளுக்கும் சேர்த்து 7,200 ரூபாயை ஒதுக்கினால் மீதி 14,400. வருட வியாபாரம் 14,40,000 ரூபாய். ஆக, 100 ரூபாய்க்கு வாங்கியவருக்கு ஒரு ரூபாய். வருடத்தில் 30,000 ரூபாய்க்கு வாங்கிய வீட்டுக்கு 300. 6,000 ரூபாய்க்கு வாங்கிய வீட்டுக்கு 60.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆம், இவ்வளவுதான். கூட்டுறவுக் கடை வைத்தால் பணக்காரர் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முன்பு பார்த்த கணக்கை மறுபடி பாருங்கள். பற்றுக்கு வாங்கியதால் அரிசியில் மட்டும் வருடத்துக்கு 1,080 ரூபாய் போனதே, அது இனி போகாது. பெரிய லாபம் அதுதான்.

பங்கீட்டுக்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு புத்தகம் வேண்டும். வாங்கும்போதெல்லாம் தேதி, தொகை, கையெழுத்து. அதைப் பிறர் எழுத விடாதீர்கள். நீங்களே எழுதுங்கள். எழுதியதை வீட்டில் பிள்ளையிடம் காட்டிக் கூட்டச் சொல்லுங்கள்.

தராசும் கலப்படமும்

தராசில் எடை அளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை. இரும்பு எடைக்கல்லுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. தராசை வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். எண் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பொருளை வைக்க வேண்டும். நம் கடையிலும் இதைக் கேட்கலாம். நம் கடை என்பதால் வெட்கப்பட வேண்டாம்.

தேயிலையில் கலப்படம் என்றால் கொழுந்து பறிப்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் நல்ல தேயிலை எல்லாம் ஏலத்துக்குப் போய்விடுகிறது. லயத்துக்குத் திரும்பி வருவது தூள். சில இடங்களில் போட்டு வடித்த தேயிலையைக் காயவைத்துச் சாயம் ஏற்றி விற்பவர்களும் உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பிப் பச்சைத் தண்ணீர் தெளியுங்கள். உடனே தாளில் நிறம் பரவினால் சாயம் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

தேங்காய் எண்ணெயில் கலப்படம் கேரளத்தில் பெரிய வியாபாரம். 2018-ல் பல பெயர்களில் விற்ற எண்ணெயை உணவுப் பாதுகாப்பு ஆணையர் தடை செய்தார். நல்ல தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும். கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வேறு எண்ணெய் கலந்திருந்தால் உறையாமல் தனியாக நிற்கும். பொன்முடிக் குளிரில் விடிகாலையில் குளிர்பெட்டிகூட வேண்டியதில்லை.

இவை வீட்டுச் சோதனைகள். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

பதிவு

கேரளத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டம். சங்கம் பதிய குறைந்தது 25 பேர் வேண்டும். ஒரே வீட்டார் 25 பேர் சேர்ந்தால் ஆகாது. ஒவ்வொருவரும் வெவ்வேறு குடும்பமாக இருக்க வேண்டும். வித்துரா நெடுமங்காடு தாலுகாவில் இருக்கிறது. தாலுகா அளவில் கூட்டுறவு உதவிப் பதிவாளர் இருக்கிறார். விண்ணப்பமும் துணை விதிகளின் மாதிரியும் அங்கே கேட்க வேண்டும். துணை விதி என்பது கடையின் சொந்தச் சட்டம். உறுப்பினர் யார், கடன் உண்டா இல்லையா, உபரியை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கையெழுத்துப் போடுமுன்பு ஒருவர் உரக்கப் படிக்க, எல்லாரும் கேளுங்கள். புரியாத சொல்லை நிறுத்திக் கேளுங்கள். அது மலையாளத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

நிர்வாகக் குழுவைத் தேர்தல் மூலம் எடுக்க வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் குழுவில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் பெயருக்கு ஒருவரை உட்கார வைத்துவிட்டுக் கணவரோ கங்காணியோ பேசுவது பல ஊர்களில் நடக்கிறது. உலை வைப்பவருக்குத்தான் எந்த அரிசி வேகும், எது கஞ்சியாகும் என்று தெரியும். கொள்முதலை அவர்களிடமே விடுவது கடைக்கு நல்லது.

பஞ்சாயத்து உரிமமும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் தனியாக எடுக்க வேண்டும். வருடாவருடம் தணிக்கை உண்டு.

பதிவுக்கு நாள் பிடிக்கும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அயல்கூட்டத்தில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து, அரிசியும் பருப்பும் மட்டும் மூட்டையாக வாங்கிப் பிரித்துப் பாருங்கள். யார் நேரத்துக்குப் பணம் தருகிறார், யார் மூட்டை தூக்க வருகிறார், யார் கணக்கைச் சரியாக எழுதுகிறார் என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

முதல் வருடம் பத்துப் பன்னிரண்டு பொருள் போதும். அரிசி, துவரம்பருப்பு, பயறு, உப்பு, புளி, மிளகாய், மல்லி, தேங்காய் எண்ணெய், சர்க்கரை, தேயிலை, வெங்காயம், சோப்பு. விற்காத பொருள் தட்டில் இருந்தால் அது முடங்கிக் கிடக்கும் பணம். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மாதக் கடைசியில் கடையை அரை நாள் மூடி, இருப்பை எடை போட வேண்டும். விற்பவர் ஒருவர், எடை போடுபவர் வேறொருவர், எழுதுபவர் மூன்றாமவர். இருந்த சரக்கோடு வாங்கிய சரக்கைக் கூட்டி, விற்றதைக் கழித்தால் வரும் எண்ணும் தராசு காட்டும் எண்ணும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றே பேசித் தீருங்கள். அந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதிக் கடைக் கதவில் ஒட்டுங்கள்.

தினமும் திறந்துவைக்க ஆள் இல்லையென்றால் வாரம் இரண்டு நாள் திறக்கலாம். ராச்டேலில்கூட முதலில் சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் மாலையில் மட்டும்தான் கடை திறந்தது.